காலில் ஓர் எண்: பறவைக்கு வளையம் இடுவது எதற்காக, எப்படி?

மாசி மாதத்து விடியலில், கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் ஏலம் சூடுபிடிக்கும் முன்பே பறவைகள் கூடிவிடுகின்றன. விசைப்படகுகளிலிருந்து கூடைகள் இறங்க இறங்க, கழித்துப் போடும் பொடிமீனுக்காகக் கடற்காகங்கள் இரைந்தபடி வட்டமிடுகின்றன. செம்பருந்து தாழப் பறந்து, நீரில் மிதப்பதைக் கால் நகங்களால் அள்ளிச் செல்கிறது. உப்பனாற்றின் ஓரச் சேற்றில், சிட்டுக்குருவி அளவே உள்ள கொசு உள்ளான்கள் ஓயாமல் குனிந்து நிமிர்ந்து இரை தேடுகின்றன.

இவற்றுள் ஏதேனும் ஒன்றின் காலில் வளையம் தெரிந்துவிட்டால், உடனே பேச்சு கிளம்பிவிடும். அது உளவு பார்க்க அனுப்பிய பறவை என்பார்கள்; வளையத்துக்குள் சிப் இருக்கிறது, எங்கிருந்தோ ஒருவர் கணினியில் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பார்கள்; யாரோ ஒரு வெளிநாட்டுப் பணக்காரர் வளர்த்த பறவை தப்பி வந்துவிட்டது என்றும் சொல்வார்கள். இவை வெறும் பேச்சோடு நின்றுவிடுவதில்லை. 2023ஆம் ஆண்டு மும்பைத் துறைமுகப் பகுதியில் காலில் வளையங்களோடு பிடிபட்ட ஒரு புறா, உளவுப் பறவை என்ற ஐயத்தின் பேரில் எட்டு மாதங்கள் அடைத்து வைக்கப்பட்டு, அது தைவான் நாட்டுப் பந்தயப் புறா என்று தெரிந்த பிறகு 2024 சனவரி இறுதியில்தான் வானில் விடப்பட்டது. வளையம் என்பது என்ன என்று பரவலாகத் தெரிந்திருந்தால் அந்தப் புறாவுக்கு எட்டு மாதச் சிறை நேர்ந்திருக்காது என்பது என் எண்ணம். அந்த எண்ணமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

படகின் எண்ணும் பறவையின் எண்ணும்

துறைமுகத்தில் கட்டியிருக்கும் ஒவ்வொரு படகின் பக்கவாட்டிலும் ஒரு பதிவு எண் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயின்ட் எழுத்து படகு எங்கே போனது, எவ்வளவு பிடித்தது என்று யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை. ஆனால், இன்று கடலூரில் நிற்கும் படகை ஒரு மாதம் கழித்து நாகப்பட்டினத்தில் ஒருவர் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினால், அது இன்னாருடைய படகு, இந்த ஆண்டில் பதிவானது, இந்த ஊரைச் சேர்ந்தது என்பதெல்லாம் வெளிப்பட்டுவிடும். எண் ஊமைதான். செய்தி முழுவதும் பதிவேட்டில் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவருவது இரண்டாவது ஊரில் எண்ணைப் படித்த மனிதரின் கண்.

பறவையின் கால்வளையமும் இதே வேலையைத்தான் செய்கிறது. இலேசான உலோகத்தாலான சிறு வளையம் ஒன்றில் ஓர் எண்ணும், அந்த எண்ணைக் காப்பவரின் முகவரியும் பொறிக்கப்பட்டிருக்கும். காட்டுப் பறவையைப் பிடித்து, காலில் இத்தகைய வளையத்தைப் பூட்டி, விவரங்களைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அதே இடத்தில் விட்டுவிடுவதே வளையமிடல் எனப்படும். வளையத்துக்குள் மின்கலமோ, கம்பியோ, சிப்போ கிடையாது.

இந்த எளிய யோசனைக்கு வயது நூற்றிருபதைத் தாண்டிவிட்டது. டென்மார்க்கின் வீபோர்க் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஹான்ஸ் மோர்டென்சன், 1890இல் துத்தநாக வளையத்தைப் பறவைகளுக்குப் போட்டுப் பார்த்தார். அது கனமாக இருந்தது; பறவைகள் சிரமப்பட்டதைக் கண்டு நிறுத்திவிட்டார். 1899இல் அலுமினியத்தில் எண்ணும் முகவரியும் பொறித்து, நம் மைனாவின் உறவினமான ஸ்டார்லிங் பறவைகளுக்கு அணிவித்தார். இன்றைய முறை அங்கிருந்து வளர்ந்ததே. முதல் முயற்சியைக் கைவிட்டு, ஒன்பது ஆண்டுகள் கழித்து இலேசான பொருளோடு அவர் திரும்பி வந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பறவைக்குச் சுமையாகாதபோதுதான் அது தரும் தகவலும் உண்மையாக இருக்கும் என்பதை அவர் தொடக்கத்திலேயே கண்டுகொண்டார்.

சுருங்கச் சொன்னால், வளையம் என்பது பறவைக்கு இட்ட பெயர். அது தானாக எதையும் சொல்லாது. இன்னொருவர் படிக்கும்போதுதான் பயன் தரும்.

பின்பனிக்காலத்தில் துறைமுகத்தில் நடப்பது

தமிழ் மரபு ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, மாசி, பங்குனி இரண்டையும் பின்பனிக்காலம் என்கிறது. பறவைகளைப் பார்ப்பவருக்கு இந்தப் பிரிவு மிகவும் பொருத்தமானது. ஏனெனில் மார்கழியில் வெறும் சாம்பலும் பழுப்புமாகத் தெரிந்த பறவைகள் இந்த இரண்டு மாதங்களில்தான் பயணத்துக்கு ஆயத்தமாகின்றன.

பருவத்துக்கேற்ப ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் பறவைகள் மேற்கொள்ளும், ஆண்டுதோறும் திரும்ப நிகழும் பயணத்துக்கு வலசை என்று பெயர். கொசு உள்ளான் முட்டையிடுவது உருசியாவின் வடகோடியில், மரமே வளராத உறைபனி நிலத்தில். கடலூரிலிருந்து அங்கே நேர்க்கோட்டில் போனாலும் 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். துறைமுகத்தில் கூட்டமாக நிற்கும் பழுப்புத்தலைக் கடற்காகம் லடாக், திபெத் போன்ற உயர்ந்த மேட்டுநிலங்களின் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தில் அதன் தலை வெள்ளையாகவும், கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டும் கொண்டதாகவும் இருக்கும். பின்பனிக்காலத்தில் இறகு மாறி, தலை முழுவதும் காப்பிப்பொடி நிறமாகிவிடும். மாசியில் ஒரே கூட்டத்துக்குள் வெள்ளைத் தலை, அரைகுறைத் தலை, முழுப் பழுப்புத் தலை என மூன்றையும் காணலாம். பறவை பார்க்கத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல முதற்பாடம் இல்லை.

இங்கே ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "வெளிநாட்டுப் பறவைகள் முட்டையிட இங்கே வருகின்றன" என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. வேடந்தாங்கல் மரங்களில் கூடுகட்டும் சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா முதலியவை நம் நாட்டுக்குள்ளேயே நீரும் இரையும் இருக்கும் இடம் பார்த்து நகர்பவை. வடக்கிலிருந்து வலசை வரும் உள்ளான்களும் கடற்காகங்களும் இங்கே கூடு கட்டுவதில்லை. உறைந்துபோன சேற்றிலும் நீரிலும் இரை தேட முடியாத மாதங்களைக் கழிக்கவே அவை வருகின்றன.

அப்படியானால் துறைமுகத்தையும் கழிமுகத்தையும் ஏன் நாடுகின்றன? நிலவின், கதிரவனின் ஈர்ப்பால் கடல்நீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குவதை ஓதம் என்கிறோம். கடலூர்க் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் உப்பனாற்றிலும் தாழங்குடாவில் தென்பெண்ணை கடலைச் சேரும் இடத்திலும் நிலம் மட்டமாக இருப்பதால், அந்தச் சிறு இறக்கமே அகலமான சேற்றுப் பரப்பைத் திறந்துவிடுகிறது. சேற்றுக்குள் புழு, சிப்பி, சிறு நண்டு எல்லாம் உண்டு. நீண்ட அலகு கொண்ட கோட்டான் (ஆந்தை அன்று, அதே பெயருள்ள கரைப்பறவை) ஆழத்திலிருந்தும், குட்டை அலகு கொண்ட உப்புக்கொத்தி மேற்பரப்பிலிருந்தும், பவளக்காலி இடைப்பட்ட ஆழத்திலிருந்தும் எடுப்பதால், ஒரே சேற்றில் பல இனங்கள் பந்தி அமர முடிகிறது. நீர் ஏறியதும் அவை அனைத்தும் எஞ்சியிருக்கும் மேடுகளில் நெருக்கியடித்து நிற்கும். கால்களைப் பார்த்து வளையம் தேட ஏற்ற நேரம் அதுதான். ஓதம் நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நேற்று ஆறு மணிக்குக் கண்ட கூட்டத்தை இன்று அதே மணிக்குத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இந்த மாதங்களில் அவை ஓயாமல் தின்பதற்கும் காரணம் உண்டு. ஒரு கிராம் கொழுப்பு, அதே எடையுள்ள மாவுச்சத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் தருகிறது. எனவே நெடும்பயணத்துக்கான எரிபொருளைப் பறவைகள் தோலுக்கடியில் கொழுப்பாகவே ஏற்றிக்கொள்கின்றன. கொழுப்பு ஏறாத மாதங்களில் கொசு உள்ளானின் எடை மூன்று பத்து ரூபாய் நாணயங்களின் எடையை ஒத்தது. புறப்படும் வேளையில் அதன் உடல் வெளிப்படையாகவே உருண்டிருக்கும். புகைப்படம் எடுப்பதற்காக ஓடிப்போய்க் கூட்டத்தைக் கிளப்பிவிடுவோர், பல நாள் சேமித்த எரிபொருளை வீணாக்குகிறார்கள் என்பதை உணர வேண்டும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினக் கடற்கரை மக்களால் நிறைந்திருக்கும். அன்று அங்கே பறவை தேடாமல் ஆற்றோரத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பது பார்ப்பவருக்கும் பறவைக்கும் நல்லது.

பிடிப்பது, அளப்பது, விடுவது

வளையமிடல் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை அன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவையைப் பிடிக்க உரிய அனுமதி வேண்டும். நீண்ட பயிற்சியும் வேண்டும். இந்தியாவில் இப்பணியை 1927இல் தொடங்கி இன்றுவரை முன்னெடுத்துவருவது, 1883இல் நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம். நமக்குத் தெற்கே உள்ள கோடியக்கரை, அச்சங்கம் நெடுங்காலமாக வளையமிட்டுவரும் முக்கியமான இடம்.

பெரும்பாலும் இதற்கு மென்வலை பயன்படுகிறது. மென்வலை என்பது இரண்டு கழிகளுக்கு இடையே சுவர்போல் நிறுத்தப்படும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய நூலாலான வலை. அதில் குறுக்கே வரிவரியாகத் தொய்வான மடிப்புகள் இருக்கும், மோதிய பறவை அடிபடாமல் மடிப்புக்குள் விழும். சேற்றுப் பறவைகளுக்கு நிலவில்லா இரவில்தான் இதைக் கட்டுவார்கள். பரம்பரையாகப் பறவை பிடித்து வந்த பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தினரின் கைத்திறனும் நம் நாட்டு வளையமிடலுக்குப் பெரிதும் உதவியிருக்கிறது. இறகு ஒன்றும் கசங்காமல் உயிரோடு பிடிக்கும் அவர்களுடைய நுட்பத்தை எந்தப் பாடநூலும் கற்றுத் தந்துவிடாது.

வலையிலிருந்து எடுத்த பறவை துணிப்பைக்குள் வைக்கப்படும். இருட்டில் அது அமைதியாகிவிடும். பிறகு இனம், வயது, இறக்கையின் நீளம், அலகின் நீளம், எடை, எந்த இறகு விழுந்து எது முளைக்கிறது என்பவையெல்லாம் குறிக்கப்படும். வயிற்றின் மேல் இறகை மெல்ல ஊதி விலக்கினால், மெல்லிய தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரியும்; அதன் அளவும் எழுதப்படும். அதன்பின் காலுக்கேற்ற அளவுள்ள, ஓரிடத்தில் பிளவுபட்ட வளையத்தை இடுக்கியால் மெல்ல அழுத்தி மூடுவார்கள். சில நிமிடங்களில் பறவை மீண்டும் சேற்றில் இருக்கும்.

வளையம் காலை அறுக்காதா என்று கேட்பவர்கள், பறவையின் கால் எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பின்பக்கமாக மடங்கும் முழங்கால் என்று நாம் நினைப்பது உண்மையில் அதன் கணுக்கால்; அதற்குக் கீழே உள்ள நீண்ட பகுதியில் எலும்பும் தசைநாணும் தோலும் மட்டுமே இருக்கின்றன, பருக்கக்கூடிய சதை இல்லை. எனவே, வளரும் குழந்தையின் கையில் காப்பு இறுகுவது போல, முழு வளர்ச்சியடைந்த பறவையின் காலில் சரியான அளவு வளையம் இறுகுவதில்லை. வளையல் போல் சுழன்றுகொண்டே இருக்கும். கொசு உள்ளானுக்கு இடும் வளையம் சில அரிசிமணிகளின் எடைக்கு மேல் இராது. உப்புநீர் அலுமினியத்தை அரிப்பதால், பல்லாண்டு வாழும் கடற்பறவைகளுக்கு இன்னும் கடினமான உலோகக் கலவை பயன்படுகிறது.

பந்தயப் புறாக்களின் வளையத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றின் வளையம் பிளவே இல்லாத முழு வட்டம். குஞ்சாக இருக்கும்போதே விரல்கள் வழியாக மாட்டிவிடுவார்கள். மூட்டு தெரியாத வளையம் என்றால் அது வளர்ப்புப் பறவை என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம்.

இரண்டாம் முறை பார்க்கும்போதுதான்

இதுவரை சொன்னது பாதி வேலை. வளையமிட்ட பறவையை மீண்டும் ஒருவர் கண்டு, அந்த எண் பதிவேட்டைச் சென்றடைவதை மீள்பதிவு என்கிறோம். சிறிய பறவைகளில் இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே நிகழ்கிறது. அதனால்தான் ஆயிரக்கணக்கில் வளையமிட வேண்டியிருக்கிறது; அதனால்தான் கிடைக்கும் ஒவ்வொரு மீள்பதிவும் அவ்வளவு மதிப்புடையது.

ஒரு மீள்பதிவு என்னென்ன சொல்லும்? முதலாவது, வயது. பசிபிக் கடலின் மிட்வே தீவில் 1956இல் வளையமிடப்பட்ட விஸ்டம் என்ற ஆல்பட்ராஸ் பறவை, 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் முட்டையிட்டது. வளையமிட்டபோதே அது முட்டையிடும் வயதில் இருந்ததால், அதற்கு எழுபதுக்கு மேல் வயதாகிறது என்று கணக்கிட முடிந்தது. தேய்ந்த வளையத்தைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். வளையம் இல்லாவிட்டால், ஆண்டுதோறும் வருவது அதே பறவைதான் என்று சொல்ல வழியே இருந்திருக்காது.

இரண்டாவது, எண்ணிக்கை. ஒரு பானை நிறைய மொச்சை இருக்கிறது. எத்தனை என்று எண்ண நேரமில்லை. நூறு மொச்சையை எடுத்து மையால் குறியிட்டு, திரும்பப் போட்டு நன்றாகக் கலக்கி, மீண்டும் நூறு எடுக்கிறோம். அதில் ஐந்தில் மட்டும் மை இருந்தால், குறியிட்டவை மொத்தத்தில் இருபதில் ஒரு பங்கு. ஆக, பானையில் ஏறக்குறைய இரண்டாயிரம் மொச்சை இருக்கும். வளையமிட்ட பறவைகளின் விகிதத்தை வைத்துக் கூட்டத்தின் அளவை மதிப்பிடுவதன் அடிப்படை இதுவே. பறவைகள் பானைக்குள் அடங்கி இருப்பவை அல்ல, வந்துபோய்க்கொண்டே இருப்பவை என்பதால், உண்மைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது.

மூன்றாவது, இடங்களுக்கிடையேயான தொடர்பு. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை இடப்பட்ட வரித்தலை வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் காணப்பட்டிருக்கின்றன. அந்த ஒரு குறிப்பால் இரண்டு நாட்டு நீர்நிலைகளும் ஒரே பறவையின் வீடுகள் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. இந்தத் தொடர்பை அறிவதற்கு மருத்துவக் காரணமும் இருந்திருக்கிறது. 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, அதன் கிருமி உருசியாவில் உண்ணியால் பரவும் ஒரு நோயின் கிருமியை ஒத்திருந்தது. வலசைப் பறவைகள்தாம் உண்ணியைச் சுமந்து வந்தனவா என்ற கேள்வி எழ, 1959இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவையியலாளர் சாலிம் அலி தலைமையில் பெரிய அளவிலான வளையமிடல் திட்டம் தொடங்கியது. பறவைகள் மேல் விழுந்த ஐயம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் நம் நாட்டு வலசைப் பறவைகளைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி அந்த முயற்சியின் தொடர்ச்சியாகக் கிடைத்தது.

வளையம் சொல்லாத ஒன்றும் உண்டு. காலையில் கடலூரில் கண்ட ஒருவரை மாலையில் சென்னையில் பார்த்தால், அவர் மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனாரா, திண்டிவனம் வழியாகப் போனாரா என்று தெரியாது. வளையமும் இரண்டு புள்ளிகளை மட்டுமே தருகிறது. இடைப்பட்ட பாதையைத் தராது.

பாதையை அறியச் செயற்கைக்கோள் கருவி இருக்கிறது. உளவு, கண்காணிப்பு என்ற பேச்செல்லாம் இந்தக் கருவியையும் வளையத்தையும் ஒன்றாக்கிக் கொள்வதால் வருவதே. 2022இல், பிறந்து ஐந்து மாதமே ஆன வரிவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று, ஐந்து கிராம் எடையுள்ள அத்தகைய கருவியைச் சுமந்தபடி, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தை இடையில் எங்கும் இறங்காமல் 11 நாள்களில் கடந்தது. ஆனால், சுமத்தப்படும் கருவி பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது ஆய்வாளர்களின் பொதுவிதி. கொசு உள்ளானுக்கு அந்தக் கணக்கில் ஒரு கிராம் அளவுதான் கிடைக்கும். ஐந்து கிராம் கருவியை அதன் முதுகில் ஏற்ற முடியாது. ஆகவே சிறிய பறவைகளுக்கு இன்றும் வளையமே பெருந்துணை.

உலோக வளையத்தின் எண்ணைத் தொலைவிலிருந்து படிப்பது கடினம் என்பதற்காக, சேற்றுப் பறவைகளுக்கு வண்ணக்கொடியும் இடப்படுகிறது. வண்ணக்கொடி என்பது காலில் பொருத்தப்படும், சிறு நாக்குப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் நெகிழித் துண்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் இடத்துக்கும் நிறச் சேர்க்கை ஒதுக்கப்பட்டிருப்பதால், நிறத்தை மட்டும் சரியாகப் பார்த்தாலே பறவை வளையமிடப்பட்ட இடத்தைச் சொல்லிவிடலாம்.

இங்கே ஒருமுறை நின்று தொகுத்துக்கொள்வோம்: வளையம் இரண்டு புள்ளிகளைத் தரும், வண்ணக்கொடி அந்த இரண்டாவது புள்ளியைப் பறவையைப் பிடிக்காமலேயே பெற உதவும், செயற்கைக்கோள் கருவி பாதையைக் காட்டும், ஆனால் சற்றுப் பெரிய பறவைகளுக்கே பொருந்தும்.

துறைமுகத்தில் வளையம் கண்டால்

கூட்டம் சேற்றில் இருக்கும்போது கால்களைப் பாருங்கள். வண்ணக்கொடி தெரிந்தால் எந்தக் காலில், கணுவுக்கு மேலா கீழா, எந்த நிறம் மேலே, எந்த நிறம் கீழே என்பதை எழுதிக்கொள்ளுங்கள். இடது, வலது என்பவை பறவையினுடைய இடது, வலது. உங்களை நோக்கி நிற்கும் பறவையில் இதைத் தவறவிடுவோர் பலர். நிறத்தில் ஐயம் இருந்தால் ஐயம் என்றே எழுத வேண்டும், ஊகித்து எழுதிய நிறம் பறவையை வேறொரு நாட்டுக்கு அனுப்பிவிடும். உலோக வளையத்தின் எண் சுற்றிலும் ஓடுவதால், பறவை திரும்பத் திரும்பப் பல படங்கள் எடுத்தால்தான் முழு எண் கிடைக்கும்.

வலையில் தவறிச் சிக்கிய பறவையின் காலில் வளையம் இருந்தால், எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு அப்படியே விட்டுவிட வேண்டும். உயிருள்ள பறவையிலிருந்து வளையத்தைக் கழற்றவே கூடாது, கழற்ற முயன்றால் கால் ஒடிந்துவிடும். இறந்த பறவை என்றால் வெறுங்கையால் தொடாமல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாள், இடம், பறவை இருந்த நிலை ஆகியவற்றோடு அந்த எண்ணை வளையத்தில் பொறித்திருக்கும் முகவரிக்கோ, மும்பையிலுள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கோ, வனத்துறைக்கோ தெரிவிக்கலாம். வலை உலர்த்துபவரும், மீன் தரம் பிரிக்கும் பெண்களும், ஐஸ் வண்டிக்காரரும் நாள் முழுவதும் பறவைகளுக்கு நடுவே நிற்கிறார்கள். பறவை ஆர்வலர் வாரத்தில் ஒருநாள் வந்து பார்ப்பதைவிட அவர்கள் கண்ணில் ஒரு வளையம் படும் வாய்ப்பு மிக அதிகம். இந்த விவரம் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம்தான்.

பங்குனி முடிவதற்குள் கூட்டங்கள் மெலியத் தொடங்கும். ஏப்ரல் 15 அன்று 61 நாள் மீன்பிடித் தடை தொடங்கி விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்படும்போது, கடற்காகங்களில் பெரும்பாலானவை போயிருக்கும். அப்போதும் உப்பனாற்றுச் சேற்றில் நிறம் மாறாத சில உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் நின்றுகொண்டிருப்பதைக் காணலாம். அவை நோயுற்றோ வழி தவறியோ நிற்பவை என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் முந்தைய கோடையில் பிறந்து முதன்முறையாக இங்கே வந்தவை அவை. குஞ்சு பொரிக்கும் வயது வராததால் அந்த ஒரு கோடையை இங்கேயே கழிக்கின்றன. வளையமிடும்போது இறகின் தேய்மானத்தைப் பார்த்து வயதைக் குறித்து வைத்ததால் தெரியவந்த செய்தி இது. தடைக்காலத்திலும் அவற்றின் கால்களைப் பார்ப்பது பயனுள்ளதே.